ஓவியத்துக்கு விலை வைப்பது எது: பொருளா, கையா, காகிதமா?

கேள்விக்குறி · ஜனவரி 4, காலை 10.15

நேராக விஷயம். அந்தக் காலத்தில் ஓவியத்தின் விலை நேர்மையாக இருந்தது. வர்ணத்துக்கு இவ்வளவு, தங்கத்துக்கு இவ்வளவு, கூலி இவ்வளவு. இப்போது வெறும் பெயருக்கு விலை. 2017ல் நியூயார்க்கில் லியோனார்டோ என்று சொல்லி ஒரு படம் 45 கோடி டாலருக்குப் போனது. அந்தப் பலகையும் வர்ணமும் என்ன பெறும்? ஏலக் கம்பெனிகள் வந்த பிறகுதான் இந்தக் கூத்து ஆரம்பித்தது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வாருங்கள்.

பழஞ்சட்டம் · ஜனவரி 4, இரவு 9.40

பாதி சரி. எந்தப் பாதி என்று பார்க்க ஒரு ஒப்பந்தத்தைப் பிரித்துப் படிப்போம்.

1485 அக்டோபர் 23, ஃப்ளோரன்ஸ். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இன்னொசென்ட்டி இல்லத்தின் தலைவர் ஃப்ரா பெர்னார்தோவும் ஓவியர் கிர்லாந்தாயோவும் செய்த ஒப்பந்தம். மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் பீடப் படம். மொத்த விலை 115 பெரிய ஃப்ளோரின் (அந்த ஊர்த் தங்க நாணயம்). வர்ணமும் தங்கத்தூளும் ஓவியர் செலவு. நீலம் அல்ட்ராமரீனாக இருக்க வேண்டும், அதுவும் அவுன்ஸ் சுமார் 4 ஃப்ளோரின் பெறுமான தரத்தில். 30 மாதத்தில் முடிக்க வேண்டும், தவறினால் 40 ஃப்ளோரின் அபராதம். பணம் மாதம் 3 ஃப்ளோரின் வீதம், நவம்பர் 1 முதல்.

கணக்குப் போட்டால் ஒன்று தெரியும். 30 மாதத்தில் கைக்கு வருவது 90 ஃப்ளோரின்தான். மீதி 25 இல்லத்தின் கையிலேயே நிற்கும். வீடு கட்டும்போது மேஸ்திரிக்குக் கடைசித் தவணையை நிறுத்தி வைக்கிறோமே, அதே சூட்சுமம்.

இதுவரை உங்கள் கட்சிக்குத்தான் பலம். அவுன்ஸ் கணக்கில் நீலத்தை எழுதி வாங்கினார்கள் என்றால், நீலத்தில் ஏமாற்று இருந்தது என்று அர்த்தம். அசுரைட் என்ற மலிவான நீலத்தைப் பூசிவிட்டு அல்ட்ராமரீன் காசு வாங்கலாம். முதல் பார்வைக்கு இரண்டும் நீலம்.

பழஞ்சட்டம் · ஜனவரி 4, இரவு 10.05

இன்னொரு கணக்கு. அதே 1485, ஆகஸ்ட். பார்தி குடும்பத்தின் பேரேட்டில் போத்திச்செல்லிக்குக் கொடுத்த 75 ஃப்ளோரின் இப்படிப் பிரிந்திருக்கிறது: அல்ட்ராமரீனுக்கு 2, தங்கத்துக்கும் பலகைத் தயாரிப்புக்கும் 38, "அவருடைய தூரிகைக்கு" 35. அந்தப் படம் இன்று பெர்லினில் இருக்கிறது. சட்டம் தனி. அதைச் செய்த ஜூலியானோ த சங்காலோவுக்கு 24 ஃப்ளோரினுக்கு மேல் போனது.

போத்திச்செல்லியின் தூரிகை 35, தச்சருடைய உளி 24. இரண்டுக்கும் இடையில் பெரிய பள்ளம் இல்லை பாருங்கள். ஆனால் தூரிகை அப்போதே தனி வரியில் வந்துவிட்டது. உங்கள் "கூலி" அங்கே நிற்கிறது. அந்த வரி எப்படி வீங்கியது என்பதுதான் மீதிக் கதை முழுவதும்.

வேதிக்கூடம் · ஜனவரி 5, காலை 7.30

அல்ட்ராமரீன் ஏன் அந்த விலை என்று சொல்லாமல் தாண்டுகிறீர்கள்.

கல் லாபிஸ் லசூலி. ஐரோப்பாவுக்கு வந்தது ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் சுரங்கங்களிலிருந்து. தூரம் ஒரு காரணம்தான். கல்லை இடித்துத் தூளாக்கினால் நீலம் வராது, சாம்பல்தான் வரும். நீலத் தாதுவோடு வெள்ளைக் கால்சைட்டும் பொன்னிறப் பைரைட்டும் கலந்திருக்கும், அரைக்க அரைக்க மூன்றும் சேர்ந்து மங்கும். பிரிக்க வேண்டும்.

அக்கால இத்தாலியப் பட்டறைச் செய்முறை: ஒரு பவுண்டு கல்தூளுக்கு 6 அவுன்ஸ் பைன் பிசின், 3 அவுன்ஸ் மாஸ்டிக் என்ற மரப்பிசின், 3 அவுன்ஸ் புது மெழுகு. உருக்கி வடிகட்டித் தூளோடு பிசைந்து மாவாக்க வேண்டும். குறைந்தது மூன்று நாள் மூன்று இரவு வைத்திருந்து தினமும் பிசைய வேண்டும். பிறகு இளஞ்சூடான காரநீரில் போட்டு இரண்டு குச்சியால் அமுக்கி அமுக்கி எடுத்தால் நீலத்துகள் நீரில் இறங்கும், கழிவு மெழுகிலேயே தங்கிவிடும். முதல் இரண்டு இறக்கம் உயர்ந்த சரக்கு. போகப் போக வெளிறும். கடைசியில் வருவதற்குப் பெயரே சாம்பல்.

அதாவது ஒரே கல்லிலிருந்து நாலைந்து விலையில் நீலம். வெறுமனே "அல்ட்ராமரீன்" என்று எழுதினால் கடைசி இறக்கத்தைப் பூசிவிட்டுப் போவார்கள். அதனால்தான் "அவுன்ஸ் 4 ஃப்ளோரின்" என்று தரத்தையும் சேர்த்துக் கட்டினார்கள்.

பழஞ்சட்டம் · ஜனவரி 5, காலை 8.10

தேங்காய்ப்பால் முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் கணக்கு.

வேதிக்கூடம் · ஜனவரி 5, காலை 8.22

அதேதான். ஆனால் சொதிக்கு மூன்றாம் பாலும் வேண்டும், மாதாவின் மேலாடைக்கு முதல் பால் மட்டும்.

பழஞ்சட்டம் · ஜனவரி 6, இரவு 11.20

தூரிகை வரி வீங்கிய கதைக்கு வருகிறேன்.

முதலில் ஓர்வியெத்தோ, 1499. தேவாலய விதானத்துக்கு சிஞோரெல்லியோடு செய்த ஒப்பந்தத்தில், முகங்களையும் ஒவ்வொரு உருவத்தின் இடுப்புக்கு மேற்பட்ட பகுதியையும் அவரே தீட்ட வேண்டும், அவர் அருகில் இல்லாமல் எதையும் தீட்டக்கூடாது என்று நிபந்தனை. இடுப்புக்குக் கீழே யார் கை வைத்தாலும் பரவாயில்லை! சிரிப்பாகத் தோன்றும். ஆனால் இது நீலத்தின் தரத்தை எழுதிய அதே புத்திதான். பட்டறையில் சீடர்கள் பாதிப் படம் போடுவது எல்லோருக்கும் தெரியும். ஆகவே எந்தப் பகுதிக்கு மாஸ்டரின் கை என்பதை அளந்து எழுதினார்கள்.

அடுத்தது 1618. ரூபன்ஸ், ஹேகிலிருந்த ஆங்கிலத் தூதர் டட்லி கார்ல்டனின் பழைய சலவைக்கல் சிலைகளுக்குப் பதிலாகத் தன் படங்களைக் கொடுக்க ஒரு பட்டியல் அனுப்பினார். கையைக் கறாராக அளந்து விலை போட்ட பட்டியல் அது. சிங்கங்கள் நடுவே தானியேல்: முழுக்க என் கை, 600 ஃப்ளோரின் (இது கில்டர், ஃப்ளோரன்ஸ் தங்க நாணயம் அல்ல). கட்டுண்ட ப்ரொமீதியஸ்: என் கை, கழுகு மட்டும் ஸ்னைடர்ஸ் போட்டது, 500. இறுதித் தீர்ப்பு: சீடர் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை, நான் முழுக்கத் திருத்திக் கொடுத்தால் அசலாகவே நடமாடும், 1,200.

"அசலாகவே நடமாடும்" என்ற தொனியைக் கவனியுங்கள். ஒளிக்கவில்லை, பேரம் பேசுகிறார். கார்ல்டன் முழுக்க அவர் கைப்பட்ட படங்கள்தான் வேண்டும் என்று நின்றார். ஏலக் கம்பெனிகள் பிறக்க நூற்றிருபது வருடத்துக்கு மேல் இருக்கும்போதே சந்தை கைக்குத் தனி விலை கேட்டுவிட்டது. உங்கள் கட்சி இங்கே சாய்கிறது, கேள்விக்குறி.

கேள்விக்குறி · ஜனவரி 7, காலை 9.00

சரி, ஐரோப்பா இருக்கட்டும். நம்ம தஞ்சாவூர்ப் படம் இன்றைக்கும் அளவையும் தங்கத்தையும் வைத்துத்தானே விற்கிறது? அது 1485 ஒப்பந்தம் மாதிரிதானே?

பழஞ்சட்டம் · ஜனவரி 7, மதியம் 1.30

மாதிரி அல்ல, அச்சு. இத்தனை அங்குலத்துக்கு இத்தனை, 22 காரட் தங்க ரேக்கா இல்லையா, எத்தனை கல். வேலையும் ஏறக்குறைய அதே வரிசை: பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசித் தேய்த்து, நகையும் தூணும் வரும் இடத்தில் மக்கு வைத்துப் புடைப்பாக்கி, கல் பதித்து, ரேக்கு ஒட்டி, கடைசியில் வர்ணம். போத்திச்செல்லி கணக்கில் "தங்கமும் பலகைத் தயாரிப்பும் 38" என்று வருவது இந்தப் பாகம்தான்.

ஏமாற்றும் அதே இடத்தில். செம்புக் கலவை ரேக்கு முதல் நாள் தங்கத்தைவிடப் பளபளக்கும், சில வருடத்தில் கறுக்கும் அல்லது பச்சை பாயும். வாங்குபவர் பில்லில் "22 காரட் ரேக்கு" என்று எழுதச் சொல்லி வாங்க வேண்டும். கிர்லாந்தாயோவிடம் ஃப்ரா பெர்னார்தோ செய்ததும் இதுதான்.

புதுப் படத்துக்கு இந்தக் கணக்குச் சரி. பழைய தஞ்சாவூர்ப் படத்துக்கு அங்குலக் கணக்கைக் கொண்டுபோனால் விற்பவர் ஏமாறுவார். அங்கே காலம், நிலை, பின்னால் மாற்றி எழுதாத முகம் ஆகியவை பேசும். மங்கிவிட்டதே என்று புது ரேக்கு ஒட்டிப் "புதுப்பித்த" பழைய படம் பாதி மதிப்பை அங்கேயே விட்டுவிடும்.

பழஞ்சட்டம் · ஜனவரி 8, இரவு 10.10

ஏலம் பற்றிச் சுருக்கமாக. சோத்பீஸ் 1744ல் புத்தக ஏலத்தோடு ஆரம்பித்தது, கிறிஸ்டீஸ் 1766ல். ஏலம் அதைவிட மூத்தது. 17ஆம் நூற்றாண்டு லண்டனில் ஒரு அங்குல மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு, அது அணையும் கணத்தில் கடைசியாகக் கேட்டவருக்குச் சரக்கு. 1662ல் இப்படிக் கப்பல்களை விற்றபோது ஒருவர் மட்டும் மற்றவர்களைவிடச் சரியாகக் கடைசிக் குரல் கொடுத்தார். திரி அணையப்போகும்போது புகை கீழே இறங்கும், அதைப் பார்த்துக் கேட்பதே அவர் ரகசியம்.

ஏலமே இல்லாமலும் படம் கைமாறும். 1649ல் இங்கிலாந்து அரசர் முதலாம் சார்ல்ஸின் தலை போனதும் அவர் சேகரிப்பை விலைபோட்டு விற்றார்கள். ராஃபேலின் திரைச்சீலை மாதிரிப் படங்களுக்குப் போட்ட மதிப்பு 300 பவுண்டு. மாந்தெஞ்யாவின் சீசர் ஊர்வலத்துக்கு 1,000. அரசர் கடன் வைத்திருந்த வேலைக்காரர்களுக்குக் காசுக்குப் பதில் படத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். அரண்மனைக் குழாய் வேலைக்காரருக்கு டிஷியன் வரைந்த புனித மார்கரெட் படம் போனது, 100 பவுண்டு பெறுமானம் என்று. அது இன்று மாட்ரித் ப்ராடோ அருங்காட்சியகத்தில்.

கேள்விக்குறி · ஜனவரி 8, இரவு 10.31

குழாய் மாட்டினால் டிஷியன். நான் படிப்பை மாற்றியிருக்க வேண்டும்.

பழஞ்சட்டம் · ஜனவரி 10, மாலை 6.45

டச்சு தேசம். இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. ஒப்பந்தமே இல்லாமல், யார் வாங்குவார் என்று தெரியாமல், கடைச் சரக்காகப் படம் செய்து அடுக்கிய இடம். சுவிசேஷகர் லூக்கா பெயரில் ஊருக்கு ஊர் ஓவியர் சங்கம் இருந்தது. உறுப்பினர் அல்லாதவர் ஊருக்குள் விற்கத் தடை, சந்தை நாள் விலக்கு.

கடைச் சரக்கு என்றால் செலவைக் குறைக்க வேண்டும். யான் வான் கோயென் செய்ததைப் பாருங்கள்: பழுப்பு, சாம்பல், கொஞ்சம் பச்சை. விலை உயர்ந்த நீலமே கிட்டத்தட்ட இல்லை. மெல்லிய பூச்சு, ஈரம் காயும் முன்னே அடுத்த பூச்சு, பல இடத்தில் அடிப்பலகையே வானத்தின் நிறமாக நிற்கும். ஒரு படத்துக்கு ஆகும் நாள் குறைந்தால் விலை குறையும், நடுத்தர வீடும் வாங்கும். அந்த மங்கலான அழகைப் பிற்காலம் மோனப் பெருவெளி என்றெல்லாம் வர்ணித்தது. பாதி அழகு, பாதி அடக்கவிலை. துலிப் கிழங்கு சூதிலும் இறங்கிய மனிதர், 1656ல் கடனோடு இறந்தார்.

எதிர்முனை ரெம்பிராண்ட். 1642ல் முடித்த காவல்படைப் படத்துக்குச் சுமார் 1,600 கில்டர். படத்தில் இருந்தவர்கள் தலைக்கு 100 வீதம் போட்டார்கள். 1656ல் அவர் திவாலானபோது எடுத்த வீட்டுப் பட்டியலில் 363 இனங்கள்.

நடுவில் வெர்மீர். 1663ல் டெல்ஃப்டுக்கு வந்த ஒரு பிரெஞ்சுப் பயணிக்கு வெர்மீர் வீட்டில் காட்டப் படமே இல்லை. ஒரு ரொட்டிக்கடைக்காரர் தன்னிடமிருந்ததைக் காட்டி 600 லிவ்ர் கொடுத்ததாகச் சொன்னார், ஒரே ஒரு உருவம் உள்ள படம். பயணிக்கு அது அநியாய விலையாகப் பட்டது. 1675ல் வெர்மீர் இறந்ததும் மனைவி ரொட்டிக் கடனுக்கு ஈடாக இரண்டு படங்களைக் கொடுத்தார். கடன் 600 கில்டருக்கு மேல். ரொட்டிக்கு 600 கில்டர் பாக்கி நிற்க எத்தனை வருடம் சாப்பிட்டிருக்க வேண்டும் என்று யோசியுங்கள். வீட்டில் பதினோரு பிள்ளைகள்.

1696 மே 16, ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் ஒரே நாளில் 21 வெர்மீர். டெல்ஃப்ட் ஊர்க்காட்சி 200 கில்டர், பால்காரி 175.

அப்புறம் மறந்தார்கள். 1881ல் ஹேகில் ஒரு ஏலத்தில், அழுக்கேறிய ஒரு பெண் முகம் 2 கில்டருக்குப் போனது. கூடவே 30 சென்ட் ஏலக் கட்டணம். முத்துத் தோடு அணிந்த பெண். வாங்கியவர் 1902ல் இறந்தபோது ஹேகிலுள்ள மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்தார்.

கேள்விக்குறி · ஜனவரி 10, இரவு 8.00

2 கில்டர் 30 சென்ட்டா? அப்படியானால் ஓவியரின் உழைப்புக்கு என்ன மரியாதை?

பழஞ்சட்டம் · ஜனவரி 10, இரவு 8.50

அந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போயிருக்கிறது. 1878, லண்டன். ஓவியர் விஸ்லரின் இரவுக்காட்சிப் படத்துக்கு 200 கினி (ஒரு கினி பவுண்டுக்குச் சற்று மேல்) கேட்டதை விமர்சகர் ரஸ்கின் எழுத்தில் கிழித்தார், விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல், இரண்டு நாள் உழைப்புக்கா 200 கினி என்று மடக்கினார். ஒரு ஆயுளின் அறிவுக்கு என்றார் விஸ்லர். ஜெயித்தார். நஷ்டஈடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. செலவுத் தொகை கிடைக்காமல் அடுத்த வருடம் திவால்.

பழஞ்சட்டம் · ஜனவரி 11, காலை 7.15

மேலே "தலைக்கு 100 வீதம்" என்று எழுதியதைத் திருத்துகிறேன். சராசரி 100. படத்தில் நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கூடவும் குறையவும் கொடுத்தார்கள். பின்வரிசையில் பாதி முகம் தெரிபவருக்கும் முன்னால் நிற்பவருக்கும் ஒரே சந்தா எப்படி இருக்கும்? இந்தத் தகவல் ஒப்பந்தத்தில் இல்லை, படத்தில் இருந்தவர்கள் 1650களின் இறுதியில் கொடுத்த வாக்குமூலத்தில் இருக்கிறது.

பழஞ்சட்டம் · ஜனவரி 13, இரவு 9.30

இன்றைய ஏலத்தின் உள்வேலை. செய்தியில் வரும் விலையை வைத்துக் குழம்புகிறவர்களுக்காக.

சுத்தியல் விழும் தொகை ஹேமர் விலை. வாங்குபவர் அதற்கு மேல் கட்டணம் கொடுக்க வேண்டும். லண்டனில் இரண்டு பெரிய கம்பெனிகளும் 1975ல் 10 சதவீதத்தில் இதைக் கொண்டுவந்தன. அதன்பிறகு ஏறிக்கொண்டே வந்தது. விற்பவரிடம் தனிக் கமிஷன். 2000ல் இரண்டு கம்பெனிகளும் கூடிப் பேசிக் கமிஷனை நிர்ணயித்தது அம்பலமாகி, வழக்கை முடிக்க 51.2 கோடி டாலர் கொடுத்தார்கள்.

கணக்கு போடுவோம். ஹேமர் 10 லட்சம், வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம், விற்பவர் கமிஷன் 10 சதவீதம் என்று வையுங்கள். வாங்குபவர் கொடுப்பது 12 லட்சம், விற்பவர் பெறுவது 9 லட்சம். நீங்கள் வாங்கி, அடுத்த வருடம் அதே ஏலத்தில் போட்டு அதே ஹேமர் விழுந்தால் 3 லட்சம் நஷ்டம். போட்ட 12 திரும்ப வர ஹேமர் 13.33 லட்சமாக வேண்டும். அதாவது மூன்றில் ஒரு பங்கு ஏறினால்தான் முதலுக்கு மோசமில்லை. வரி, காப்பீடு, பேக்கிங், வண்டி இன்னும் சேர்க்கவில்லை. முதலீடு என்று சொல்லி விற்கிற ஆசாமியிடம் இந்தக் கணக்கை முதலில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ரிசர்வ்: இதற்குக் கீழே விற்காதே என்று விற்பவர் சொல்லும் ரகசியத் தொகை. கேட்டலாக்கில் போடும் குறைந்த மதிப்பீட்டைத் தாண்டி இதை வைப்பதில்லை. ரிசர்வை எட்டும்வரை ஏலக்காரரே விற்பவர் சார்பில் விலையைக் கூட்டிக்கொண்டு போகலாம், கேட்டலாக் விதிகளிலேயே இருக்கும். கூடத்தில் யாருமே கை தூக்காமல் ஏறும் இந்தக் கேட்புக்குத் தொழிலில் பெயர் சரவிளக்குக் கேட்பு, கூரையில் தொங்கும் விளக்கைப் பார்த்து வாங்கியதால். ரிசர்வை எட்டாத ஏலப்பொருள் திரும்பிப் போகும், அந்தப் படத்துக்குச் சந்தையில் சில வருடம் தீட்டுப் பிடித்த மாதிரி. அதனால் விவரமான விற்பவர் மதிப்பீட்டைக் குறைத்து வைப்பார். விலை குறைவு என்று நாலு பேர் உள்ளே வந்தால் போதும், மீதியை அவர்களே ஏற்றிக்கொள்வார்கள்.

கேள்விக்குறி · ஜனவரி 14, காலை 8.40

என் 45 கோடி டாலர் இன்னும் நிற்கிறது. அதற்குப் பதில்?

பழஞ்சட்டம் · ஜனவரி 14, இரவு 11.55

வருகிறேன். அந்தப் படத்தின் பெயர் சல்வதோர் முந்தி, வால்நட் மரப் பலகை. கைமாற்றத்தை வரிசையாகப் படியுங்கள்.

1958, லண்டன், சோத்பீஸ்: 45 பவுண்டு. அப்போது அது லியோனார்டோ சீடர் போல்த்ராஃப்பியோ தரப்புச் சரக்கு. மேல்பூச்சு முகத்தையே மூடியிருந்தது. 2005, நியூ ஆர்லியன்ஸ்: 1,175 டாலர். பிறகு மேல்பூச்சை எடுத்துச் சீரமைப்பு. 2011ல் லண்டன் நேஷனல் கேலரி லியோனார்டோ கண்காட்சியில் அவர் பெயரிலேயே மாட்டியது. 2013ல் ஒரு இடைத்தரகர் சுமார் 8 கோடி டாலருக்கு வாங்கி உடனே ரஷ்யக் கோடீஸ்வரருக்கு 12.75 கோடிக்குத் தள்ளினார், அது தனி வழக்கு. 2017 நவம்பர் 15, கிறிஸ்டீஸ்: ஹேமர் 40 கோடி, கட்டணம் 5.03 கோடி.

பலகை அதே பலகை. 1958க்கும் 2017க்கும் நடுவில் மாறியது இரண்டு: மேல்பூச்சு, பெயருக்கு முன்னால் இருந்த சொல்.

அந்தச் சொல்தான் கேட்டலாக்கின் இதயம், மனப்பாடமே செய்யலாம். வெறும் பெயர் மட்டும் போட்டிருந்தால், எங்கள் கருத்தில் அவர் வரைந்தது. "அட்ரிபியூட்டட்" என்றால் முழுதாகவோ பகுதியாகவோ அவர் கையாக இருக்கலாம். "ஸ்டூடியோ" என்றால் அவர் பட்டறையில் செய்தது, அவர் கண்பார்வையில் என்று நம்பலாம். "சர்க்கிள்" அவர் காலத்தவர், அவர் தாக்கம் உண்டு. "ஃபாலோயர்" அவர் பாணிக்காரர், சீடராக இருக்கத் தேவையில்லை. "மேனர்" அந்தப் பாணி, ஆனால் பிற்காலம். "ஆஃப்டர்" நகல், எந்தக் காலத்து நகலாகவும் இருக்கலாம். கையெழுத்திலும் இதே விளையாட்டு. "சைன்ட்" என்றால் அவர் போட்டது. "பேர்ஸ் சிக்னேச்சர்" என்றால் கையெழுத்து இருக்கிறது, யார் போட்டதோ என்று அர்த்தம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் விலையில் ஒரு பூஜ்யம் உதிர்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ரூபன்ஸ் 1618ல் தானே எழுதிய பட்டியலை இன்று கேட்டலாக் எழுதுகிறது. ரூபன்ஸுக்குத் தெரியும், கேட்டலாக் ஊகிக்கிறது.

வேதிக்கூடம் · ஜனவரி 15, காலை 6.50

ஊகம் கவிழ்ந்த உதாரணம் நான் தருகிறேன். டச்சுப் போலி ஓவியக்காரர் ஹான் வான் மேகரென். 1937ல் அவர் செய்த "வெர்மீர்" ராட்டர்டாம் அருங்காட்சியகத்துக்கு 5 லட்சம் கில்டருக்கு மேல் போனது. அக்காலத்தின் பெரிய நிபுணர் பிரெடியஸ் அசல் என்று சான்று சொன்னார்.

எண்ணெய் வர்ணம் முழுக்க இறுக பல பத்தாண்டு ஆகும். ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் தொட்டால் புது வர்ணம் கரையும், பழையது நிற்கும். அன்றைய முதல் சோதனை இது. மேகரென் எண்ணெய்க்குப் பதில் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசின், அதாவது பேக்கலைட் சாதி, லைலாக் எண்ணெயில் குழைத்தார். அடுப்பில் 100 டிகிரிக்குச் சற்று மேலே சுட்டார். வர்ணம் கல்லாக நின்றது. 17ஆம் நூற்றாண்டுப் படம் ஒன்றைச் சுரண்டி அந்தக் கித்தானையே பயன்படுத்தினார். உருளையில் சுருட்டி வெடிப்பு விழவைத்து, வெடிப்பில் மையை இறக்கி அழுக்காக்கினார்.

1945ல் கைதானார். குற்றம் போலி அல்ல: நாஜித் தலைவர் கோரிங்குக்கு ஒரு வெர்மீர் விற்றது. எதிரிக்குத் தேசச் சொத்தை விற்ற குற்றம். தப்பிக்க, அதை நானே வரைந்தேன் என்றார். அந்தப் படத்தில் கோபால்ட் நீலம் அகப்பட்டது, 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. 1947ல் ஒரு வருடத் தண்டனை, அனுபவிக்கும் முன் இறந்தார்.

1960களின் இறுதியில் ஈயவெள்ளையை வைத்துச் சந்தேகம் தீர்ந்தது. தாதுவை உருக்கி ஈயம் எடுக்கும்போது ரேடியம் பெரும்பாலும் கழிவோடு போய்விடும். ஈயம்-210 மட்டும் மீந்து, சுமார் 22 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். 300 வருடப் பழைய வெள்ளையில் இரண்டின் கதிர்வீச்சும் சமநிலைக்கு வந்திருக்கும். மேகரென் வெள்ளையில் ஈயம்-210 கூடுதலாக நின்றது, ஆகவே புது ஈயம்.

நடைமுறைக்கு: டைட்டேனியம் வெள்ளை 1920 வாக்கில்தான் ஓவியருக்குக் கிடைத்தது. ப்ரஷ்யன் நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இவை முந்தைய தேதிப் படத்தின் அடிப்பூச்சில் அகப்பட்டால் பேச்சு முடிந்தது. மேல்பூச்சில் அகப்பட்டால் முடியவில்லை, பிற்காலத் திருத்தமாக இருக்கலாம். புற ஊதா விளக்கில் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும், அதன் மேல் போட்ட புதுத் திருத்தம் கறுப்புத் திட்டாகத் தெரியும்.

பழஞ்சட்டம் · ஜனவரி 17, இரவு 10.00

வர்ணத்தைப் போலி செய்வது கஷ்டம், காகிதத்தைப் போலி செய்வது சுலபம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர். 2008ல் ஆஸ்திரேலிய தேசிய கேலரி நியூயார்க் வியாபாரியிடம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. சிலை சோழர் காலம், அதில் சந்தேகமே இல்லை. கூட வந்த காகிதம் பொய்: இந்தியாவின் 1972 தொல்பொருள், கலைச்செல்வச் சட்டத்துக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனதாக எழுதியிருந்தது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் கோயில்களில் எடுத்து வைத்திருந்த புகைப்படங்களில் சிலை கோயிலிலேயே நின்றது. 2014 செப்டம்பரில் திரும்பி வந்தது, விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரோடு.

அதற்கு முன்பே பத்தூர் நடராஜர். 1976ல் மண்ணிலிருந்து கிடைத்து, லண்டன் போய், 1982ல் கனடாக் கம்பெனி 2.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. லண்டன் போலீஸ் பிடித்தது. இடிந்த கோயிலுக்கும் வழக்காட உரிமை உண்டா என்பதுவரை போய், 1991ல் வீடு திரும்பினார்.

சட்டத்தின் நடைமுறை இதுதான். 1972ல் இயற்றி, 1976 ஏப்ரல் 5ல் அமலுக்கு வந்தது. 100 வருடத்துக்கு மேற்பட்ட சிலை, ஓவியம் தொல்பொருள், கையெழுத்துப் பிரதிக்கு 75 வருடம். தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. வியாபாரிக்கு உரிமம் வேண்டும். குறிப்பிட்ட வகைகளை வைத்திருப்பவர் புகைப்படத்தோடு பதிவு செய்ய வேண்டும். சுவாமிமலையில் வார்த்த புதுச் சிலையை வெளிநாடு அனுப்பவும், இது தொல்பொருள் அல்ல என்ற சான்று தொல்லியல் துறையிடம் வாங்கி வைப்பது நல்லது, இல்லாவிட்டால் விமான நிலையத்தில் சுங்கத்துறை நிறுத்தும்.

கூடவே, ரவி வர்மா, அம்ரிதா ஷெர்-கில், ஜாமினி ராய் உள்ளிட்ட 9 ஓவியர்களின் படங்கள் 100 வருடம் ஆகாவிட்டாலும் கலைச்செல்வம், நாட்டை விட்டுப் போகக்கூடாது. எனவே இந்தியாவிலிருக்கும் ஷெர்-கில்லுக்கு இந்தியாவில் இருப்பவர்தான் போட்டி. அப்படியிருந்தும் 2023 செப்டம்பரில் ஒரு படம் 61.8 கோடி ரூபாய் தொட்டது. ஹுசைன் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் படம் ஒன்று 2025 மார்ச்சில் நியூயார்க்கில் 1.38 கோடி டாலர்.

கேள்விக்குறி · ஜனவரி 18, காலை 9.20

வரைந்தவருக்கு இதில் ஏதாவது திரும்பி வருகிறதா?

பழஞ்சட்டம் · ஜனவரி 18, மதியம் 2.05

பாரிஸில் 1904ல் 13 பேர் கூடி வருடத்துக்குத் தலா 250 பிராங்க் போட்டுப் புது ஓவியர்களை வாங்கினார்கள், நம்ம ஊர்ச் சீட்டு மாதிரி. 10 வருடம் கழித்து 1914 மார்ச் 2ல் எல்லாவற்றையும் ஏலம் விட்டார்கள். 1,000 பிராங்குக்கு வாங்கிய பிக்காசோவின் சர்க்கஸ் குடும்பம் 11,500க்குப் போனது. லாபத்தில் 20 சதவீதம் ஓவியர்களுக்கே கொடுத்தார்கள், சட்டம் சொல்லாமலே. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் சட்டம் பிரான்ஸில் வந்தது 1920ல். ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்று 4 சதவீதத்தில் தொடங்கி விலை ஏற ஏறக் குறைந்து, அதிகபட்சம் 12,500 யூரோ.

நம் பதிப்புரிமைச் சட்டம் 53ஏ பிரிவிலும் உண்டு. 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், 10 சதவீதத்துக்கு மிகாத பங்கு. ஏட்டில் இருக்கிறது. கேட்டு வாங்க, விற்பனை நடந்தது முதலில் ஓவியருக்குத் தெரிய வேண்டுமே.

பழஞ்சட்டம் · ஜனவரி 19, காலை 6.30

என் முதல் குறிப்பில் ஒரு ஷரத்தை விட்டுவிட்டேன், அதுவும் முக்கியமான ஷரத்து. கிர்லாந்தாயோ ஒப்பந்தத்தில், படம் 115 பெறாது என்று ஃப்ரா பெர்னார்தோவுக்குத் தோன்றினால் அவர் சரியென்று நினைக்கும் குறைந்த தொகையைக் கொடுக்கலாம் என்றும் இருக்கிறது. நீலத்தை அவுன்ஸில் எழுதினார்கள், நாளை எண்ணி எழுதினார்கள், கடைசியில் ஒருவரின் அபிப்பிராயத்துக்கு இடம் விட்டார்கள். "நேர்மையான அடக்கவிலை" 1485லும் முழுசாக இல்லை. கேள்விக்குறி, உங்களுக்கு நான் விட்டுக்கொடுத்த பாதியில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கேள்விக்குறி · ஜனவரி 19, காலை 9.10

கால் பங்கு என்னிடம் இருக்கிறதே, போதும். பொருளுக்கு விலை இருந்ததை யாரும் மறுக்கவில்லை.

வேதிக்கூடம் · ஜனவரி 19, இரவு 9.45

அந்தக் கால் பங்கிலும் ஓட்டை. முத்துத் தோடு பெண்ணின் தலைப்பாகையில் இருப்பது அசல் லாபிஸ் அல்ட்ராமரீன், ஆராய்ந்து பார்த்தாகிவிட்டது. 1665 வாக்கில் வெர்மீர் காசு போட்டு வாங்கிய நீலம். 1828ல் செயற்கை அல்ட்ராமரீனுக்காகப் பிரான்ஸில் கிமே என்ற வேதியியலாளருக்கு 6,000 பிராங்க் பரிசு கிடைத்தது, அதோடு நீலம் வண்ணான் துறை வரைக்கும் இறங்கிவிட்டது. 1881ல் அந்தப் படத்தை 2 கில்டருக்கு வாங்கியபோது தலைப்பாகையின் நீலத்துக்கு எத்தனை சென்ட் சேர்த்திருப்பார்கள்?

பழஞ்சட்டம் · ஜனவரி 19, இரவு 9.58

அழுக்கு வார்னிஷுக்கு அடியில் அது பச்சையாகத் தெரிந்திருக்கும்.

கேள்விக்குறி · ஜனவரி 19, இரவு 10.20

சரி, விடுகிறேன். தாத்தா பெட்டியில் ஒரு பழைய கண்ணாடி ஓவியம் இருக்கிறது. எதைக்கொண்டு துடைப்பது?

வேதிக்கூடம் · ஜனவரி 19, இரவு 10.21

எதையும் கொண்டு துடைக்காதீர்கள். முன்பக்கம் கண்ணாடிதான், ஆனாலும் ஈரம் ஓரத்தால் உள்ளே இறங்கும். வர்ணம் பின்பக்கம் பட்டும் படாமலும் ஒட்டியிருக்கும், பின்பலகையைக் கழற்றினாலே செதிலாக உரியலாம். படுக்க வைத்தபடி முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள். பின்பலகையில் கடைச் சீட்டு, எண், பென்சில் எழுத்து ஏதாவது இருந்தால் கிட்டத்தில் தனியாக.